பழைய எண்ணெயில் செய்த கரைப்பான்: துடைத்த பிறகும் பிசுபிசுப்பு ஏன்?

"பொரித்து மிஞ்சிய எண்ணெயில் மெத்தில் எஸ்டர் செய்து கிரீஸ் துடைக்கிறேன், இரும்பு பிசுபிசுவென்றே இருக்கிறது" என்கிறீர்கள். மெத்தில் எஸ்டர் என்பது எண்ணெயோடு மெத்தனால் என்னும் ஆல்கஹாலையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்து வினைபுரியவைத்துச் செய்யும் கரைப்பான். அதில் எண்ணெய் முழுதாக எஸ்டராக மாறாமல் இருக்கலாம். அல்லது தின்னர் போலத் தானே ஆவியாகிவிடும் என்று விட்டிருக்கலாம்.

முதலில் சோதித்துப் பாருங்கள். 3 மி.லி. எஸ்டரை 27 மி.லி. மெத்தனாலில், அறை வெப்பத்தில், நன்றாகக் குலுக்கி வையுங்கள். முழுதும் கரைந்தால் சரி. அடியில் எண்ணெய்ச் சொட்டு தேங்கினால் வினை பாதியில் நின்றுவிட்டது.

பெரும்பாலும் காஸ்டிக் சோடா அளவில்தான் தப்பு நடக்கும். பழைய எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கும், அது காஸ்டிக்கைத் தின்றுவிடும். 1 மி.லி. எண்ணெயை 10 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, 2 சொட்டு பினாப்தலீன் (நிறம் மாறிக் காட்டும் சோதனைத் திரவம்) விடுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் காஸ்டிக் கலந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். இளஞ்சிவப்பு 15 நொடி நிற்கும்போது 2.5 மி.லி. செலவாகியிருந்தால், புது எண்ணெய்க்கே தேவைப்படும் 3.5 உடன் 2.5 கூட்டி, லிட்டர் எண்ணெய்க்கு 6 கிராம் காஸ்டிக். மெத்தனால் 220 மி.லி.

எண்ணெயில் ஈரம் இருந்தால் எஸ்டருக்குப் பதில் சோப்புதான் மிஞ்சும். முதலில் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி, 55 டிகிரிக்கு ஆறவிட்டு, காஸ்டிக் கரைத்த மெத்தனாலைச் சேர்த்துக் கலக்குங்கள். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும். அதன் ஆவி நஞ்சு, தீயும் பற்றும். அதனால் திறந்தவெளியில், அடுப்பு நெருப்பு இல்லாமல் செய்யுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது.

ஒரு மணி நேரம் கலக்கி, இரவு முழுக்க வைத்து, அடியில் படியும் கிளிசரினை இறக்குங்கள். பிறகு வெதுவெதுப்பான நீரில் மூன்று முறை கழுவி உலர்த்துங்கள். கண்ணாடிக் குப்பிக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். இந்தக் கழுவலைக் குறைக்காதீர்கள். சுத்தமான எஸ்டர் 130 டிகிரிக்கு மேல்தான் தீப்பற்றும், ஆனால் கொஞ்சம் மெத்தனால் தங்கினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

எஸ்டர் 300 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், எத்தனை நாள் வைத்தாலும் தின்னர் போல ஆவியாகிவிடாது. மெல்லிசாகப் பூசி 15 நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள், பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பெயின்ட் அடிப்பதாக இருந்தால் இது கட்டாயம். ரப்பர் சீல் ஊதிப்போகும், பித்தளையிலும் செம்பிலும் நெடுநேரம் விடாதீர்கள்.

துடைத்த துணிகளைக் குவித்துப் போடவே வேண்டாம். காற்றுப் பட்டு எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடையும்போது குவியலுக்குள் சூடேறி, தானே தீப்பிடிக்கலாம். தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போடுங்கள்.