தேர்தல் நேரத்தில் கூகிள் தேடல் முடிவுகளை ஆட்கள் சேர்ந்து மாற்ற முடியுமா?

முடியும், செய்தும் இருக்கிறார்கள். 2003இல் அமெரிக்காவில் பலர் தங்கள் வலைப்பதிவுகளில் 'படுதோல்வி' என்று பொருள்படும் ஒரே ஆங்கிலச் சொற்றொடரை எழுதி, அதை ஜோர்ஜ் புஷ்ஷின் வெள்ளை மாளிகைப் பக்கத்துக்கு இணைத்தார்கள். அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது, ஆனாலும் கூகிளில் தேடினால் புஷ்தான் முதலில் வந்தார், ஏனென்றால் இணைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் வைத்துத்தான் கூகிள் பக்கங்களை வரிசைப்படுத்துகிறது. இதைக் கூகிள் குண்டு என்றார்கள். 2006இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு நடந்த தேர்தலில் கிறிஸ் பவர்ஸ் என்ற ஜனநாயகக் கட்சி ஆதரவு வலைப்பதிவர் இதையே பிரசார உத்தியாக்கினார். சுமார் 50 குடியரசுக் கட்சி வேட்பாளர்களின் பெயரைத் தேடினால் அவர்களுக்குப் பாதகமான பத்திரிகைச் செய்தி மேலே வரவேண்டும் என்று ஆட்களைத் திரட்டினார். அவர் பொய் எழுதவில்லை, இருந்த செய்தியைத்தான் மேலே தூக்கி வைத்தார். எனக்கு இதில்தான் பயம் கூட, பொய்யென்றால் மறுக்கலாம், வரிசையை எப்படி மறுப்பது?

2007 ஜனவரியில் கூகிள் தன் முறையை மாற்றி அந்தக் குண்டுகளைப் பெரும்பாலும் செயலிழக்கச் செய்தது. ஆனால் வரிசைக்கு இருக்கிற பலம் போகவில்லை. 2015இல் எப்ஸ்டீன், ரொபர்ட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒருபக்கம் சாய்ந்த தேடல் வரிசை இன்னும் முடிவெடுக்காத வாக்காளர்களின் விருப்பத்தை 20 வீதமோ அதற்கு மேலோ மாற்றலாம் என்று எழுதினார்கள். அவர்களின் பரிசோதனைகளில் ஒன்று இந்தியாவில் 2014 மக்களவைத் தேர்தலின்போதே நடந்தது.

சரி, இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டங்கள் இருக்கிற மலையகத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஒரு பெயரை மேலே கொண்டுவர ஆயிரம் பக்கங்களோடு மோத வேண்டும். தமிழில் ஒரு தோட்டத்தின் பெயரையோ பிரதேச சபை வேட்பாளரின் பெயரையோ போட்டுப் பாருங்கள், உருப்படியாக நாலைந்து பக்கம் வந்தால் பெரிது. அந்த வெற்றிடத்தை நிரப்பக் குண்டு எதுவும் தேவையில்லை, யாராவது மூன்று பதிவு எழுதினால் போதும். பொதுத் தேர்தலில் கட்சிப் பட்டியலில் யார் வேண்டும் என்று வாக்காளரே குறிக்கிற விருப்பு வாக்கு இருப்பதால் ஒரே பட்டியலில் நிற்கிறவர்களே ஒருவரை ஒருவர் முந்தப் பார்ப்பார்கள், அதனால் எழுதுகிறவர் எதிர்க்கட்சிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. வாக்களிப்புக்கு முந்தைய அமைதிக் காலத்தில் கூட்டமும் மேடையும் நிற்கும், தேடினால் வருவது மட்டும் அப்படியே இருக்கும்.

2024 ஜனாதிபதித் தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்பு எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா, "தம்பி, 1700 வந்துருச்சுன்னு போன்ல போட்டிருக்கே, நமக்கு மட்டும் ஏன் இன்னும் தரல?" என்று கேட்டார். மகன் தேடிக் கொடுத்தானாம். வாங்கிப் பார்த்தால், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1700 ரூபா என்ற மே தின அறிவிப்புச் செய்தி. அந்தச் சம்பளத்தை அறிவித்த அரச வர்த்தமானிக்கு யூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டதைச் சொல்லும் தமிழ்ச் செய்தி எவ்வளவோ கீழே கிடந்தது. இது யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. திட்டமிட்டால் எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்புறம், நான் செய்வது இதுதான்: முதலில் செய்தியின் திகதியைப் பார்ப்பேன், அதே விஷயத்தைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இன்னொரு தடவை தேடுவேன், முதல் பக்கத்தோடு நிற்காமல் இரண்டாம் பக்கத்துக்கும் போவேன். தடை உத்தரவு பற்றித் திகதியோடு தமிழில் நானும் ஒரு பதிவு எழுதிப் போட்டேன், அடுத்த முறை அந்த அக்காவின் மகன் தேடினால் அதுவும் கண்ணில் படட்டும்.