முதலில் பறிபோவது ஜன்னல் திரை: டிஸ்டோபியா நாவல்கள் பற்றிக் கேள்வி பதில்

முப்பது வருடம் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தினேன். அதில் பாதிக் காலம் டிஸ்டோபியா நாவல்களோடுதான் கழிந்தது. அரசோ எந்திரமோ சௌகரியமோ மனிதர்களை முழுசாக விழுங்கிவிட்ட கற்பனை ஊர்களின் கதைகள் அவை. வாசக நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இங்கே.

மேடம், ‘1984’ நாவலில் ஆர்வெல் எழுதியதெல்லாம் பலித்துவிட்டது என்கிறார்களே, அவருக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது? (கல்லூரி மாணவர், திருச்சி)

அவர் ஜோசியம் சொல்லவில்லை, தம்பி. கண்ணால் பார்த்ததை எழுதினார். 1941 முதல் 1943 வரை பிபிசியில் இந்தியாவுக்கான ஒலிபரப்பில் வேலை பார்த்தார். போர்க்காலம். எழுதிய ஒவ்வொரு உரையும் தணிக்கையைத் தாண்டித்தான் மைக்குக்கு வரும். அவர் மனைவி ஐலீன் தணிக்கைத் துறையிலேயே சில காலம் இருந்தவர். நாவலில் கதாநாயகன் வின்ஸ்டன் பழைய செய்தித்தாள்களைத் திருத்தி எழுதும் அந்த அலுவலகத்துக்கு விதை அங்கே விழுந்தது. ஸ்டாலின் ஆட்சியில், வேண்டாதவர்களைப் பழைய புகைப்படங்களிலிருந்து அழித்துக்கொண்டிருந்ததும் அதே காலம்தான்.

அவருக்கும் முந்தியவர் ஜாமியாட்டின். ரஷ்யாவின் கப்பல் பொறியாளர். முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தின் நியூகாஸிலில் தங்கி, ரஷ்யாவுக்கான பனியுடைப்புக் கப்பல்கள் கட்டுவதை மேற்பார்வை செய்தார். தொழிலாளியின் கை அசைவைக்கூடக் கடிகாரம் வைத்து அளக்கச் சொன்ன அமெரிக்கப் பொறியாளர் டெய்லரின் முறை பரவிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஊர் திரும்பி 1920-21இல் ‘நாம்’ நாவலை எழுதினார். அந்த ஊரில் எல்லா வீட்டுச் சுவரும் கண்ணாடி. மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். காதலுக்கென ஒதுக்கிய நேரத்தில் இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்றைக் காட்டினால்தான் திரையை இறக்கிக்கொள்ளலாம். இந்த நாவல் ரஷ்யாவில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் 1937இலேயே பாரிஸில் இறந்துபோயிருந்தார்.

என் மாணவிகளிடம் எப்போதும் ஒன்று சொல்வேன். இந்த நாவல்களில் சித்திரவதைக் காட்சிகளுக்காகக் காத்திருக்காதீர்கள். முதலில் எந்தச் சின்னப் பொருள் கைவிட்டுப் போகிறது என்று பாருங்கள். ஜாமியாட்டினிடம் அது ஜன்னல் திரை.

என்னிடம் மறைக்க எதுவுமே இல்லை. யார் பார்த்தால் எனக்கென்ன? (வங்கி ஊழியர், மதுரை)

இந்தக் கேள்விக்கு நானே ஒருகாலத்தில் சாட்சி. 80களில் ஒரு ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். பெயர் வேண்டாம். எங்களுக்கு வரும் கடிதங்களை வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார். நாங்கள் எழுதுவதையும் உறையை ஒட்டாமல் அவர் மேஜையில் வைக்க வேண்டும். நீல இன்லேண்ட் கடிதத்தின் ஓரம் கத்தரியால் நேராக வெட்டப்பட்டிருக்கும். எனக்கும் மறைக்க எதுவும் இருக்கவில்லை. அம்மாவுக்குத்தான் எழுதுவேன். ஆனால் மூன்றாவது மாதம் ஒன்றைக் கவனித்தேன். சாப்பாடு பிடிக்கவில்லை, ராத்திரி அழுகை வருகிறது என்பதையெல்லாம் எழுதுவதையே விட்டிருந்தேன். ‘நலம், நன்றாகப் படிக்கிறேன்’ என்று எழுதினேன். அம்மாவுக்கு எழுதும் கடிதத்தை வார்டனுக்கும் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் மிரட்டவில்லை. ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை. லீவுக்குப் போனபோது அம்மா கேட்டார், ‘ஏன்டி, லெட்டர்ல நீயே இல்லியே?’

சில வருடம் கழித்து ‘1984’ஐப் படித்தபோது முதல் அத்தியாயத்திலேயே நின்றுவிட்டேன். வின்ஸ்டனின் அறையில், ஆளைக் கண்காணிக்கும் டெலிஸ்க்ரீன் கொஞ்சம் தவறான சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. அதனால் ஒரு மூலை மட்டும் அதன் பார்வையில் விழாது. அந்த மூலையில் ஒண்டி உட்கார்ந்து, பழைய சாமான் கடையில் வாங்கிய கிரீம் நிறத் தாள் கொண்ட நோட்டில் தேதியைப் போடுகிறான். தேதியைப் போட்ட பிறகு, அது உண்மையில் எந்த வருடம் என்பதே அவனுக்குச் சந்தேகமாகிவிடுகிறது. டைரி எழுதக்கூடாது என்று அங்கே சட்டம் கிடையாது. சட்டம் என்று எதுவுமே கிடையாது. ஆனாலும் பிடிபட்டால் மரணம் அல்லது 25 வருடம் முகாம். சட்டம் இருந்தால் ‘இதுவரை போகலாம்’ என்றாவது தெரியும். அது இல்லாத இடத்தில் எல்லைக்கோட்டை நாமே, நமக்கு வெகு உள்ளே போட்டுக்கொள்கிறோம்.

நம் ஊரில் இதற்காகப் போராடியவர்களும் உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 80 வயதைத் தாண்டிய பிறகு, 2012இல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டார். அதில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அவரை நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ஆர்வெலா ஹக்ஸ்லியா, நம் காலத்துக்கு யார் நெருக்கம்? (கோவை)

பயத்தால் ஆள்வது ஆர்வெலின் ஊர். சுகத்தால் ஆள்வது 1932இல் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவலில் ஹக்ஸ்லி காட்டிய ஊர். அங்கே கவலை வந்தால் ‘சோமா’ மாத்திரை. ஆனால் என்னைக் கேட்டால் பிராட்பரியைச் சொல்வேன். 1953இல் வந்த ‘ஃபாரன்ஹீட் 451’இல் புத்தகங்களை எரிப்பதைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் தீயணைப்புப் படையின் வேலையே புத்தகங்களை எரிப்பதுதான். அதன் தலைவன் பீட்டி சொல்வதைக் கவனியுங்கள். இது அரசு ஆணையில் தொடங்கவில்லை, மக்களே முதலில் படிப்பதை நிறுத்தினார்கள் என்கிறான். அந்தப் படையில் இருக்கும் கதாநாயகன் மான்டாக்கின் மனைவி மில்ட்ரெட் காதில் சிப்பி போன்ற குட்டி ரேடியோவோடு படுத்திருப்பாள். கணவன் பக்கத்தில்தான் இருக்கிறான், அவளுக்குக் கேட்காது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மாமாவைச் சும்மா நடந்து போனதற்காகவே கைது செய்கிறார்கள்.

‘ஹேண்ட்மெய்ட்’ஸ் டேல்’ ரொம்ப மிகை என்று என் கணவர் சொல்கிறார். (சென்னை வாசகி)

பிள்ளை பெற்றுத் தரவே பெண்களை அரசு அடிமையாக்கும் நாட்டின் கதை அது. எழுதும்போது மார்கரெட் ஆட்வுட் தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டார்: வரலாற்றில் எங்காவது நடக்காத எதையும் சேர்க்கக் கூடாது. 1984இல் சுவர் சூழ்ந்த மேற்கு பெர்லினில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். நடந்ததற்கு ஓர் உதாரணம்: ருமேனியாவில் 1966இல் சௌஷெஸ்கு அரசு கருக்கலைப்பைத் தடை செய்தது. கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் போயின. பெண்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பரிசோதனை நடத்தினார்கள். 1989இல் அந்த ஆட்சி கவிழும்வரை நீடித்தது அது. மறைவாகக் கருக்கலைக்கப் போய் ஆயிரக்கணக்கான பெண்கள் செத்தார்கள்.

உங்கள் கணவரோடு உட்கார்ந்து ஒரே ஒரு பகுதியைப் படியுங்கள். கதாநாயகி சிகரெட் வாங்க மூலைக் கடைக்குப் போகிறாள். வழக்கமாக இருக்கும் பெண்ணுக்குப் பதில் அங்கே ஒரு ஆண். கார்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, செல்லாது என்கிறான். அன்றைக்கே அவளுக்கு வேலையும் போகிறது. பெண்களின் கணக்குகளையெல்லாம் ஒரே நாளில் முடக்கிவிட்டார்கள். கணவன் லூக் நல்லவன். ‘நான் பார்த்துக்கறேன்’ என்கிறான். அன்று ராத்திரி அவளுக்குத் தோன்றுகிறது: இவனுக்கு இதில் வருத்தமே இல்லையோ? இனி நாம் ஒருவருக்கொருவர் இல்லை, நான் அவனுடையவள் மட்டும்தானோ?

வகுப்பில் இந்த இடம் வந்தால் அமைதியாகிவிடும். ஏடிஎம் கார்டு அப்பாவிடமோ அண்ணனிடமோ இருக்கும் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

மகளின் போனில் லொகேஷன் ஆப் போட்டிருக்கிறேன். நானும் ‘1984’இல் எல்லாரையும் கண்காணிக்கும் பெரியண்ணன்தானா மேடம்? (ஒரு தந்தை, சேலம்)

அவளுக்குத் தெரிந்து போட்டீர்களா, தெரியாமலா? தெரியாமல் என்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அணைக்கும் உரிமையையும் அவளிடம் கொடுங்கள். ராத்திரி பஸ்ஸில் வரும்போது அவளே போட்டுக்கொள்வாள். பெற்றவரின் பயம் நியாயமானது, அதைக் குறை சொல்ல மாட்டேன். என் அம்மா கேட்ட கேள்வியை உங்கள் மகளைப் பார்த்து நீங்களும் கேட்க வேண்டி வந்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

மின்நூல் இருக்கும்போது இனி புத்தகத்தை யாரும் எரிக்க முடியாதே?

எரிக்கத் தேவையே இல்லை. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து சில நூல்களை அமேசான் தொலைவிலிருந்தே நீக்கியது. பணத்தைத் திருப்பித் தந்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. நீங்கிப்போன நூல்களில் ஒன்று ‘1984’. படித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்த ஒரு மாணவனுக்கு அந்தக் குறிப்புகள் எதைப் பற்றியவை என்றே புரியாமல் போயிற்று. பிடித்த புத்தகத்தைத் தாளிலும் ஒரு பிரதி வாங்கி வையுங்கள்.

தமிழில் உண்டா?

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. குழந்தை பெறவும் அரசிடம் அனுமதி வாங்க வேண்டிய நாடு. ஜீனோ என்ற இயந்திர நாயை ரசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எல்லாரையும் ஆளும் ஜீவா உண்மையில் யார் என்று தெரியவரும் இடத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

இதையெல்லாம் படித்தால் மனச்சோர்வுதான் மிச்சம். படித்து என்ன ஆகப் போகிறது? (ஆசிரியை, தஞ்சாவூர்)

2014இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்கள். பாங்காக்கில் சிலர் பொது இடத்தில் தனித்தனியாக நின்று, ஒன்றும் பேசாமல், ‘1984’ஐ விரித்துப் படித்தார்கள். ‘ஹங்கர் கேம்ஸ்’ கதையிலிருந்து எடுத்த மூன்று விரல் வணக்கத்தையும் ராணுவம் தடை செய்தது. 2021இல் அதே மூன்று விரல்கள் மியான்மர் தெருக்களில் உயர்ந்தன.

இன்னொன்று. ‘1984’இன் கடைசி வரியோடு பலரும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு பிற்சேர்க்கை இருக்கிறது. அந்த ஊரை ஆளும் கட்சி உண்டாக்கிய ‘நியூஸ்பீக்’ மொழியின் இலக்கணத்தை விளக்குவது. பாடம் நடத்தும்போது நானே பல வருடம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, ‘மேம், இது முழுக்க இறந்தகாலத்துல இருக்கே’ என்றாள். பார்த்தேன். நியூஸ்பீக் அப்படி ‘இருந்தது’, இன்னின்ன சொற்களை ‘நீக்கினார்கள்’ என்றே போகிறது. கட்சி ஒழித்துக்கட்ட நினைத்த பழைய ஆங்கிலத்திலேயே, பயமில்லாத யாரோ ஒருவர் பின்னாளில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டிருக்கிறார்.