எந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளை?

அன்புள்ள சார்,

எனக்கு வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். இப்போது கோவையில் வேலை. எட்டாவது படிக்கும் மகளுக்குப் பள்ளியில் ஒரு பிராஜக்ட் கொடுத்திருக்கிறார்கள். தங்கள் குடும்பப் பெயரைக் கொண்ட பிரபலங்கள் பத்துப் பேரைப் பற்றி எழுதி, படம் ஒட்டிக் கொண்டுவர வேண்டுமாம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் இனிஷியல்தான் உண்டு. தாத்தா காலத்துப் பத்திரத்தில் மட்டும் பெயருக்குப் பின்னால் 'பிள்ளை' இருக்கிறது. சரி, அதையே வைத்துக்கொள்வோம் என்று தேடினோம். நம் தஞ்சாவூர்ப் பக்கத்திலேயே ஏகப்பட்ட பேர் கிடைத்தார்கள். ஆனால் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்று ஒருவர் உ.வே.சா.வுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கிறார், ருக்மிணி தேவிக்கு நடனம் சொல்லிக்கொடுத்திருக்கிறார், நாகஸ்வர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளைக்குத் தவிலும் வாசித்திருக்கிறார். ஒரே ஆளால் இவ்வளவும் முடியுமா? இந்தப் பிள்ளைகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தமா? எங்களுக்கும் சொந்தம் என்று மகள் எழுதிக்கொள்ளலாமா?

ம.

*

அன்புள்ள ம.,

ஒருவர் இல்லை, மூன்று பேர். வருஷத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உ.வே.சா.வின் ஆசிரியர் 1876-ல் காலமாகிவிட்டார். ருக்மிணி தேவி பிறந்ததே 1904-ல்.

மகளை ஒன்றும் சொல்லாதீர்கள். நானே இதில் மாட்டியிருக்கிறேன். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கும்பாபிஷேக மலருக்கு, மகாவித்துவான் என்று பேர்பெற்ற அந்த உ.வே.சா.வின் ஆசிரியரைப் பற்றிக் கட்டுரை கொடுத்தேன். மலர் வந்தது. கோயில் ஊர்களின் கதை சொல்லும் தலபுராணம், சொல் விளையாட்டுச் செய்யுள்களான யமகம், திரிபு என்று நான் மூச்சுமுட்ட எழுதியிருந்த பக்கத்தில், மடியில் தவிலோடு ஒருவர் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். போய்க் கேட்டேன். "மீனாட்சிசுந்தரம் பிள்ளை படம் போடணும்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க? இவருதான் அவரு" என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நான்தான் ஊரை எழுதாமல் விட்டுவிட்டேன்.

ஆகவே ஊரோடு சேர்த்தே சொல்கிறேன்.

முதலாமவர் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815-ல் திருச்சி பக்கத்தில் அதவத்தூரில் பிறந்தவர். அப்பா மதுரையிலிருந்து வந்தவர், அதனால்தான் மீனாட்சிசுந்தரம். பிற்காலத்தில் மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும்தான் வாழ்க்கை. நாகப்பட்டினத்துக்கு ஒரு புராணம், மாயூரத்துக்கு ஒரு புராணம் என்று இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்கள் பாடியிருக்கிறார். உட்கார்ந்து யோசித்து எழுதும் ஆள் இல்லை. அவர் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதுவார், எழுத்தாணி பிடித்தவரின் கைதான் ஓயும். 1871-ல் பதினாறு வயதுப் பையனாக மாயூரத்துக்குப் போய் அவரிடம் சேர்ந்தவர்தான் உ.வே.சா.

இரண்டாமவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1869-ல் பிறந்து 1954-ல் மறைந்த நட்டுவனார், அதாவது நடன ஆசான். பரதநாட்டியக் கச்சேரிக்கு வடிவம் கொடுத்த தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள் வழியில் வந்தவர். ருக்மிணி தேவி, ராம் கோபால், மிருணாளினி சாராபாய் எல்லாரும் இவருடைய தட்டுக்கழிச் சத்தத்துக்குக் கால் வைத்தவர்கள். பந்தநல்லூர்ப் பாணி என்று இன்றைக்கு எங்கெங்கோ இருக்கிற பள்ளிகளில் சொல்கிறார்களே, அது இந்த ஊர்தான். காவிரிக்கு வடக்கே, கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

மூன்றாமவர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1894-ல் பிறந்தவர். நான் எழுதிய கட்டுரையில் உட்கார்ந்துகொண்டவர் இவர்தான். 1949-ல் போய்விட்டார், நான் நேரில் கேட்டதில்லை. ஆனால் எங்கள் தெருவில் இருந்த ஒரு பெரியவருக்குத் தவில் என்றாலே இவர்தான். திருவிழாவில் வேறு யார் வாசித்தாலும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் வாசிக்கிறான்" என்பார். அந்த 'தான்' நீடாமங்கலத்துக்காகப் போட்டது.

நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடம். அங்கே தண்ணீர் ஒன்று, பெயர் மூன்று. நம் கதையில் பெயர் ஒன்று, ஆள் மூன்று.

நம் பக்கத்தில் கேட்கிறவர்களுக்கு இந்தக் குழப்பமே வந்ததில்லை. ஏனென்றால் அவர்கள் 'பிள்ளை'யைக் காதில் வாங்குவதே இல்லை. "இன்னிக்கு யாரு மேளம்?" என்று கேட்டால், "வீழிமிழலை" என்றுதான் பதில் வரும். அது நாகஸ்வரம் வாசித்த திருவீழிமிழலை சகோதரர்கள். "செம்பனார்கோயில் வந்திருக்கு" என்பார்கள். ஊரே நாகஸ்வரப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கிய மாதிரி இருக்கும். ராஜரத்தினம் பிள்ளைக்கு இரண்டு ஊர். டி.என். என்ற இனிஷியலுக்குள் இருப்பது திருமருகல் நடேச பிள்ளை, அவரை எடுத்து வளர்த்த தாய்மாமன். ஊர் ஜனம் சொல்வதோ திருவாவடுதுறை. 1898-ல் பிறந்த அதே வருஷம் இன்னொரு பிள்ளையும் பிறந்தார், வயலின் ராஜமாணிக்கம் பிள்ளை. அவரைக் கும்பகோணம் என்றாலே போதும்.

ஆகவே உங்கள் மகளின் பள்ளி கேட்கிற 'குடும்பப் பெயர்' நம் பக்கத்தில் பெயருக்குப் பின்னால் இல்லை, முன்னால் இருக்கிறது. ஊர்தான் அது. படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது, அவ்வளவுதான்.

அப்புறம் இந்த 'பிள்ளை' என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்பீர்கள். அது ஒரே வழியில் வந்த சொல் இல்லை. பிள்ளை என்றால் குழந்தை. சீர்காழியில் மூன்று வயதில் பாட ஆரம்பித்த ஞானசம்பந்தரைச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் 'ஆளுடைய பிள்ளையார்' என்கின்றன. பிறகு மரியாதைச் சொல்லாகி, நிலம் வைத்திருந்த வேளாளர்களின் பட்டமானது. கிராமத்துக் கணக்கு எழுதுகிறவர் எந்த வீட்டுக்காரராக இருந்தாலும் கணக்குப்பிள்ளைதான். 1980-ல் அந்தப் பரம்பரை வேலையை அரசாங்கம் எடுக்கும்வரை, எங்கள் பக்கத்தில் 'பிள்ளைவாள்' என்றால் வயலை அளக்க வருகிறவர் என்றுதான் அர்த்தம். உங்கள் தாத்தாவின் பத்திரத்தில் இருப்பது எந்த வழியில் வந்தது என்று எனக்குத் தெரியாது, நீங்களும் சொல்லவில்லை.

மேளக்காரர்களுக்கு வந்த வழி வேறு. நட்டுவாங்கக் குடும்பங்களில் முந்தைய தலைமுறைக்காரர்கள் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் 'நட்டுவனார்' என்றுதான் வரும். ஊருக்குள் 'மேளக்காரன்' என்று ன் விகுதியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை 'பிள்ளைவாள்' என்று கூப்பிட வைத்தது அவர்களுடைய வித்தை. நின்றபடியேதான் நாகஸ்வரம் வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில் மேடையில் உட்கார்ந்து வாசித்தவர் ராஜரத்தினம். அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் பிள்ளையையும் அதோடு சேர்த்துத்தான் நான் படிக்கிறேன். பண்ணையாருக்குச் சும்மா கிடைத்த சொல்லை இவர்கள் மூச்சுப்பிடித்து வாங்க வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே பட்டியலில் போட எனக்கு மனசு வரவில்லை.

சொந்தமா என்ற கேள்விக்கு வருகிறேன். பந்தநல்லூர்க் குடும்பத்துக்குள் சொந்தம் உண்டு, பாணியே அப்படித்தான் கைமாறியது. அவருக்கு அடுத்து அந்தப் பாணியைக் காத்த சொக்கலிங்கம் பிள்ளை அவருடைய மாப்பிள்ளை. மற்றபடி திரிசிரபுரத்துக்கும் பந்தநல்லூருக்கும் நீடாமங்கலத்துக்கும் பெயரைத் தவிர ஒட்டு இல்லை.

ரத்த சம்பந்தம் இல்லாத சொந்தம் ஒன்றைச் சொல்கிறேன். மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கர். தமிழின் முதல் நாவலை 1879-ல் வெளியிட்டவர் அவர்தான். மகாவித்துவான் பழுத்த சைவர், மடத்து வித்துவான். இருவரும் உயிர் நண்பர்கள். கிறிஸ்தவ நண்பர் மேல் மகாவித்துவான் கோவை என்ற வகையில் ஒரு காதல் செய்யுள் நூலே பாடினார். அதற்குப் பெயர் என்ன தெரியுமா? 'குளத்தூர்க் கோவை'. வேதநாயகம் பிறந்த ஊர் குளத்தூர். நண்பருக்குப் பாடிய நூலுக்குக்கூட ஊரின் பெயர்தான்!

1876 பிப்ரவரி முதல் தேதி, திருவாவடுதுறை. மகாவித்துவானின் கடைசி நேரத்தை உ.வே.சா. எழுதி வைத்திருக்கிறார். திருவாசகத்தில் அடைக்கலப்பத்தை வாசிக்கச் சொல்கிறார் ஆசிரியர். உ.வே.சா. ஏட்டைப் பிரித்து வாசிக்கிறார். ஆசிரியரைத் தன் மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார் இன்னொரு மாணவர். அவர் பெயர் சவேரிநாத பிள்ளை. அவரும் கிறிஸ்தவர். சைவப் புலவர் கிறிஸ்தவ மாணவரின் மார்பில் சாய்ந்து, ஸ்மார்த்த பிராமணப் பையன் திருவாசகம் வாசிக்கக் கேட்டபடி போயிருக்கிறார். இந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. உங்கள் மகள் பத்துப் பேரில் ஒன்பது பேரை விட்டுவிட்டு இந்த ஓர் இடத்தை மட்டும் எழுதினாலும் நான் முழு மார்க் போடுவேன். டீச்சர் போடுவாரா தெரியாது.

அதே திருவாவடுதுறையில் இன்றைக்கும் சீவாளி, அதாவது நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் துண்டு, கட்டுகிறார்கள். காவிரிக்கரைக் கொறுக்கைத் தட்டையை நறுக்கிப் பதப்படுத்தி, நுனியைத் தட்டையாக்கி நூல் சுற்றுவார்கள். நாகஸ்வரத்தின் உயிரே விரல் நீளம்கூட இல்லாத அந்தத் துண்டுதான். குழல் கடைவது பக்கத்து ஊர் நரசிங்கம்பேட்டையில். ராஜரத்தினம் தமக்கு வேண்டிய நீளக் குழலை அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்துதான் உருவாக்கிக்கொண்டார். 'பிள்ளை' என்று தேடினால் இந்த ஆசாரி உங்கள் பட்டியலில் வரவே மாட்டார். ஊர் என்று தேடியிருந்தால் மகாவித்துவான், ராஜரத்தினம், ஆசாரி, சீவாளி கட்டுகிறவர் எல்லாரும் ஒரே மிதிவண்டி தூரத்துக்குள் கிடைத்திருப்பார்கள்.

உங்கள் வீட்டில் பட்டம் எந்தத் தலைமுறையில் உதிர்ந்தது என்று அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எத்தனையோ பேர் விட்டார்கள், சிலர் கொள்கைக்காக, சிலர் எல்லாரும் விடுகிறார்களே என்று. தனித்தமிழ் ஆர்வம் வேறு வழியில் அதே வேலையைச் செய்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கரந்தையில் இருக்கும் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் முதல் தலைவர் உமாமகேசுவரம் பிள்ளை இன்று எல்லாருக்கும் உமாமகேசுவரனார்தான். முன்னால் இருக்கும் கரந்தையை மட்டும் யாரும் தொடவில்லை. எந்தக் காரணத்துக்காக விட்டிருந்தாலும், விட்ட பட்டத்தை ஒரு பிராஜக்ட்டுக்காகத் திரும்ப எடுத்து மகள் பெயருக்குப் பின்னால் ஒட்டாதீர்கள். 'எங்கள் வீட்டில் குடும்பப் பெயர் கிடையாது' என்று முதல் வரியில் எழுதிவிட்டு, ஊரை வைத்துப் பத்துப் பேரை எழுதச் சொல்லுங்கள். வலங்கைமானைச் சுற்றி ஆள் கிடைக்காமலா போய்விடும்?

ஒரு குறை மட்டும். ஊர் ஊர் என்று இவ்வளவு எழுத வைத்துவிட்டு, நீங்கள் 'வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம்' என்று முடித்துக்கொண்டீர்களே. எந்தக் கிராமம்?