கேள்வி-பதில்: வாடகைக்கு ஓடும் கார்கள்

இ-ஹெய்லிங் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) ஓட்டுகிறேன். போன மாதம்தான் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்தில் பாஸ். இப்போது பட்டறையில் முன் பிரேக் பேட் மாற்றச் சொல்கிறார்கள். ஏமாற்றா?
– செந்தூல் ஓட்டுநர்

பேடைக் கழற்றிக் காட்டச் சொன்னீர்களா? புதிய பேடில் தேயும் பகுதி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இருக்கும். மூன்று மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டால் மாற்றத்தான் வேண்டும். கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு குறை சொல்லுங்கள்.

இந்தப் 'போன மாதம் பாஸ்' பேச்சை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! 2019இல் இ-ஹெய்லிங் சட்டத்துக்குள் வந்ததும், மூன்று வயது தாண்டிய காருக்கு ஆண்டுக்கொரு பரிசோதனை கட்டாயமானது. அந்தச் சீட்டு சொல்வது அந்த ஒரு நாளின் நிலையை. நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் 26 நாளில் 5,200. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சர்வீஸ் ஸ்டிக்கரில் '5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ' என்று இருந்தால், உங்களுக்கு அது மாதம் ஒருமுறை. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கெந்திங் மலை இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும், பெடல் மெத்தென்று தரைவரை போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள். எத்தனை பேர் அந்த மூடியையாவது திறந்து பார்த்திருக்கிறார்கள்?

இதைவிடக் கொடுமை ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பரிசோதனைக்கு மட்டும் நண்பரிடம் நல்ல டயர் இரவல் வாங்கி மாட்டி, சாயங்காலமே தேய்ந்த டயரைத் திரும்பப் பூட்டினார் ஒருவர். அந்தக் காரின் பின் சீட்டில் யார் வீட்டுக் குழந்தையோ உட்காரப் போகிறது. எனக்கு இதில் மன்னிப்பே கிடையாது.

பழைய டயர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. கோடுகள் நல்ல ஆழம். வாங்கலாமா?
– ஜாலான் ஈப்போ டாக்சிக்காரர்

வேண்டாம். 2018இல் நானும் அப்படி இரண்டு வாங்கினேன். கடைக்காரர் ஆழத்தை நகத்தால் தொட்டுக் காட்டினார், நம்பினேன். தாப்பாவுக்கு முன்னால் மழையில் ஒன்று வெடித்தது. பின்னால் அம்மா. ஓரங்கட்டிய பிறகுதான் டயரின் பக்கத்தில் நான்கு எண்களைப் படித்தேன்: 1109. அதாவது 2009ஆம் ஆண்டின் 11ஆவது வாரத்தில் தயாரானது. 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆழம் வேண்டும் என்பது சட்டம். ஆனால் ரப்பரின் வயதை ஆழம் சொல்லாது, அந்த எண்தான் சொல்லும்.

குடும்பத்துக்கு ஒரு பழைய கார் வாங்கினோம். மீட்டரில் 62,000. இரண்டே மாதத்தில் கியர்பாக்ஸ் போய்விட்டது. கதவோரத்தில் ஒரு பழைய சர்வீஸ் ஸ்டிக்கர், அதில் 1,48,000. இ-ஹெய்லிங் ஓடிய காராம். விற்ற கடை போனை எடுப்பதில்லை. என் கணவரின் ஓய்வுக்காலப் பணம், ஐயா.
– காஜாங் வாசகி

அம்மா, தவறு உங்களுடையதல்ல. மீட்டரைத் திருப்பியவன் செய்தது மோசடி. ஸ்டிக்கரைக் கிழிக்காமல், மீட்டரும் தெரியும்படி இன்றே படமெடுங்கள். சேசிஸ் எண்ணை (காரின் உடலில் பொறித்த அடையாள எண்) கொண்டுபோய் அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரில் பழைய பதிவு கேளுங்கள். ரசீது, ஒப்பந்தம், வாட்சாப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். பிறகு பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யுங்கள். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், கட்டணம் ஐந்து ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. மனுவை எழுதுவதில் சிரமம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

டாக்சியில் பின் சீட் பெல்ட்டை மெத்தைக்கு அடியில் செருகிவைத்திருக்கிறார்கள். என்ன செய்வது?
– பிரிக்பீல்ட்ஸ் பயணி

எடுத்துத் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் ஏறாதீர்கள். பின் சீட் பெல்ட் 2009 ஜனவரி 1 முதல் சட்டம்.

எஞ்சின் எண்ணெய்ச் சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு ட்ரிப் முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன். பாதிப்பு இருக்குமா?
– கெப்போங் ஓட்டுநர்

இருக்கும். எண்ணெய் அழுத்தம் இல்லாமல் இரும்பும் இரும்பும் உரச உரச ஓட்டியிருக்கிறீர்கள். எரிந்த அந்த நிமிடமே நிறுத்தியிருக்க வேண்டும், பயணியை வேறு காரில் ஏற்றிவிட்டாவது. இனி சாவியைத் திருப்பாதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.