பாட்டியின் ஊசிக்கூடும் 9.3×62-ம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தில் வந்த பன்றிவேட்டைக் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதில் துரை .375 துப்பாக்கியால் சுடுகிறார். பால்வெட்டுக்காரரின் (ரப்பர் மரம் சீவுபவரின்) மகன் கீழே கிடக்கும் வெற்றுத் தோட்டாவை எடுத்து, அதன் அடியிலுள்ள பட்டையை நகத்தால் வருடிப் பார்க்கிறான். இந்த இடம் வந்ததும் அம்மா எழுந்து போய், சேலைப் பெட்டியிலிருந்து பாட்டியின் ஊசிக்கூட்டை எடுத்து வந்தார். அது ஒரு பித்தளைத் தோட்டாக்கூடு. வாயில் மரத்தால் ஓர் அடைப்பு. ஜப்பான் சண்டைக்கு முன் துரையோடு வேட்டைக்குத் துணை போன தாத்தா கொண்டு வந்ததாம். இதில் நீங்கள் எழுதிய பட்டை இல்லை. அடியில் ‘9,3’ என்பது மட்டும் தெரிகிறது. வெர்னியர் வைத்து அளந்தேன், நீளம் 61.8 மி.மீ. படம் இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று. கனடாவில் இருக்கும் என் மச்சான் முறையாக லைசென்ஸ் எடுத்தவர். மாசர் என்ற ஜெர்மன் ரைஃபிள், பழையது ஒன்றுக்கு 9.3×62 (9.3 மி.மீ. குண்டு, 62 மி.மீ. கூடு) தோட்டாவுக்கான குழல் போட்டு, மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்கு ரைஃபிள் ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். “எந்தக் கடைக்குப் போனாலும் .30-06 தோட்டா கிடைக்கிறது, உனக்கு ஏன் இந்த வேலை?” என்று கூட்டாளிகள் சிரிக்கிறார்களாம். “இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது” என்கிறார் அவர். யார் சொல்வது சரி? பாட்டியின் கூட்டை அவருக்கு அஞ்சலில் அனுப்பலாம் என்று நினைக்கிறேன். நம் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) கன்றுகளைப் பன்றி தோண்டிப் போடுகிறது. இங்கேயும் அப்படி ஒன்றைச் சேர்க்க வழி உண்டா?

பாட்டி அந்தக் கூட்டை வெளியாள் முன்னால் எடுக்கவே மாட்டாராம். ஏன் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

பெயர் வேண்டாம் ஐயா.
சுங்கை சிப்புட், மலேசியா

*

அன்புள்ள தம்பி,

முதலில் என் தப்பை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கதையில் .375 என்று போட்டது யாரும் சொல்லிக் கேட்டு அல்ல. பெயர் கம்பீரமாக இருந்தது, துரைக்குப் பொருந்தும் என்று கொடுத்துவிட்டேன். துரை என்றால் லண்டன் துப்பாக்கிதான் வைத்திருப்பார் என்று தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளையாகிய எனக்கு ஒரு நினைப்பு. உங்கள் அம்மாவின் சேலைப் பெட்டி அதை உடைத்துவிட்டது.

.375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் 1912-ல் வந்தது. அதன் கூடு 72 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல். விளிம்புக்குச் சற்று மேலே, வேட்டிமேல் பெல்ட் கட்டியதுபோலத் தடித்த பட்டை ஓடும். அந்தப் பட்டையில்தான் தோட்டா துப்பாக்கிக்குள் தடுத்து நிற்கிறது. உங்கள் படத்தில் இருப்பது பத்து மில்லிமீட்டர் குட்டை, பட்டையும் கிடையாது. தோளில்தான் தடுத்து நிற்கும். போதாக்குறைக்கு அந்தக் காற்புள்ளி. தசமத்துக்குப் புள்ளி வைக்காமல் காற்புள்ளி வைப்பது ஜெர்மன்காரர் வழக்கம். 9.3 குண்டுக்கு 57, 64, 74 என்று வேறு நீளக் கூடுகளும் உண்டு. பெயரில் 62 என்றிருந்தாலும் நிஜக் கூடு அதைவிட ஒரு பிசிறு குறைவாகவே இருக்கும் என்பதால், உங்கள் 61.8 சரியாக 9.3×62-ல் போய் விழுகிறது.

இந்தத் தோட்டாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். மச்சானுக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

1905-ல் பெர்லினில் ஓட்டோ பொக் என்ற துப்பாக்கிக் கொல்லர் இதை வடிவமைத்தார். அப்போது ஆப்பிரிக்காவின் ஒரு பகுதி ஜெர்மனியின் கையில். அங்கே நிலம் பிடித்துப் போனவர்களுக்கு மானுக்கும் யானைக்கும் ஒரே துப்பாக்கி தேவைப்பட்டது, அதுவும் மலிவாக. பட்டாளத்து மாசர் 98 தாராளமாகக் கிடைத்தது, ஆனால் அதன் 8 மி.மீ. குண்டு பெரிய மிருகத்துக்குப் பற்றாது. பெரிய தோட்டா செய்தால் அதற்கென்று நீளமான தனி மாசர் வேண்டும், விலை ஏறிவிடும். பொக் இருக்கிற துணியில் சட்டை தைத்தார். சாதாரண மாசரின் தோட்டாப் பெட்டிக்கு உள்நீளம் கிட்டத்தட்ட 84 மி.மீ. அவருடைய முழுத் தோட்டா 83.6. ஒரு நூல் இடைவெளி! அடிவட்டமும் மாசரின் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) முகத்துக்கு அப்படியே பொருந்தியது. 18.5 கிராம் குண்டு, விநாடிக்கு ஏறக்குறைய 720 மீட்டர். .30-06-ல் வழக்கமாகப் போடும் கனமான குண்டே 11.7 கிராம்தான் என்று வைத்துப் பாருங்கள்.

ஆக, இது பணக்காரன் தோட்டா அல்ல. புதிதாகக் கப்பலேறி வந்து, பெரிய துரைக்குப் பயந்து, சம்பளத்தில் பாதியைக் கிளப்பில் விடும் சின்ன துரைமார்களும் இங்கே இருந்தார்களே, அவர்கள் கைக்கு எட்டக்கூடியது ஒரு மாசர்தான். இரட்டைக் குழல் லண்டன் துப்பாக்கி அல்ல. தாத்தா துணை போனது அப்படிப்பட்ட ஒருவரோடாக இருக்கலாம்.

பின்னால் ஆப்பிரிக்காவில் தாங்கள் ஆண்ட சில இடங்களில் ஆங்கிலேயர் ஆபத்தான மிருகத்துக்குக் குறைந்தது .375 வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். .375 அங்குலம் என்றால் 9.5 மி.மீ. வித்தியாசம் 0.2 மி.மீ. எருமைக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் 9.3 அங்கே ஓரங்கட்டப்பட்டது. ஆங்கிலேயருக்கு இதெல்லாம் புதிதல்ல. ஜெர்மன்காரரின் 7×57 மாசர் தோட்டாவுக்கே .275 ரிக்பி என்று ஆங்கிலப் பெயர் சூட்டி விற்றார்கள். 1907-ல் சம்பாவத்தில் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரைஃபிள் அந்த .275 தான். பெயரை மாற்றினால் ஊரையும் மாற்றிவிடலாம் போல.

சரி, மச்சான் விஷயம். ‘வரலாறு’ என்று அவர் சொல்வது கூட்டாளிகளின் வாயை அடைக்கும், துப்பாக்கிக்கு உதவாது. அவருக்கு அதைவிட நல்ல காரணம் கையிலேயே இருக்கிறது. அவர் வாங்கியது மாசர், இந்தத் தோட்டா மாசருக்காகவே அளவெடுத்துப் பிறந்தது. போல்ட் முகத்தைத் தொட வேண்டாம், பெட்டியை வெட்டி நீட்ட வேண்டாம். காட்டுக்குள் இருநூறு மீட்டருக்குள் நிற்கும் மூஸுக்கு, வேகம் அதிகமில்லாத கனத்த குண்டு நன்றாகவே வேலை செய்யும். ஸ்வீடனில் மூஸ் வேட்டைக்கு இது சர்வசாதாரணம். அந்நாட்டு ஹுஸ்க்வர்னா கம்பெனி தன் மாசர் ரைஃபிள்களை இந்தக் காலிபரில் செய்து விற்றது. கனடாவில் அபூர்வமாகத் தெரிவது அங்கே வீட்டுச் சாமான்.

கூட்டாளிகள் சிரிப்பதிலும் பாதி நியாயம் உண்டு. சின்ன ஊர்க் கடையில் வேட்டைக்கு முதல் நாள் போய்க் கேட்டால் .30-06 இருக்கும், இது இருக்காது. அதனால் குழலுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே நார்மா, லாபுவா போன்ற தோட்டா கம்பெனிகளின் கூடுகளில் நூறு கூடுகளாவது வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அரிசி இல்லாத வீட்டில் பானை வாங்கி என்ன செய்வது?

அப்புறம் அவர் எதைத் தானே செய்யலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பது. துப்பாக்கியின் மரக்கட்டையைத் தானே இழைக்கட்டும். வால்நட் கட்டையில் இரும்பு அமரும் இடத்தைச் செதுக்குவது பொறுமைக்காரன் வேலை. இரும்பில் கரி தடவி, அமர்த்தி, எடுத்து, கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் சீவி, மறுபடி அமர்த்திப் பார்க்க வேண்டும். நம் கோயில் தச்சர் கதவு நிலையைப் பொருத்துவதும் இப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் முட்டினால், 9.3-ன் உதையில் கட்டை பின்பக்கம் பிளந்துவிடும். உதை நேராகத் தோளுக்கு வருகிற மாதிரி கட்டையின் வளைவு இருப்பதும் முக்கியம். வளைந்து தொங்கும் பழங்காலக் கட்டை கன்னத்தைப் பதம் பார்க்கும்.

குழலைப் பொருத்துவதும் தோட்டா அமரும் அறையைக் கடைவதும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கொல்லரின் வேலை. தோட்டா உள்ளே போய் போல்ட் மூடியதும் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் மொத்த விஷயமும். கொஞ்சம் குறைந்தால் போல்ட் மூடாது. கூடினால் வெடிக்கும்போது கூடு நீண்டு, அடிப்பக்கம் அறுந்து, சூடான வாயு சுடுகிறவன் முகத்துக்கே வரும். ‘மூடும்’ என்பதற்கும் ‘மூடக்கூடாது’ என்பதற்கும் இரண்டு இரும்பு அளவுகோல்கள் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, சற்றே கூட.

இந்த அளவைப் பற்றிப் படித்தபோது எனக்கு அம்மாவின் பால்வெட்டுக் கத்திதான் ஞாபகம் வந்தது. கித்தா (ரப்பர்) மரத்தில் பட்டையைச் சீவும்போது, உள்ளே இருக்கும் உயிர்ப்படலத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மண்டோர் (மேற்பார்வையாளர்) வந்து கத்துவார். அம்மா விடிகாலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு நிரை முடித்து அடுத்த நிரை என்று நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கையாலேயே அளந்தார். அவரிடம் அளவுகோல் ஏதும் கிடையாது. ஆனால் அம்மாவுக்குத் தப்பினால் மரத்தில் ஒரு தழும்பு. மச்சானுக்குத் தப்பினால் கண். கொல்லரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கூட்டை அனுப்ப வேண்டாம். வெற்றுக் கூடாகவே இருந்தாலும், அஞ்சலிலும் விமான நிலைய ஸ்கேனரிலும் அது தோட்டாவாகத்தான் தெரியும். அளவும் படமும் அவருக்குப் போதும்.

இங்கே ஒன்றைச் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது தம்பி. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது மட்டுமல்ல, செய்வதும் பழுது பார்ப்பதும்கூடக் குற்றம். அதற்குமேல் 1971-ல் வந்த கடுந்தண்டனைச் சட்டம் வேறு. தோட்டக்காரர்கள் போலீசில் விண்ணப்பித்து வாங்குவது மடக்குத் துப்பாக்கி, நம் ஊரில் எல்லோரும் சொல்கிற செனாப்பாங் பாத்தா. பன்றியைச் சுட பெர்ஹிலித்தான் (வனவிலங்கு இலாகா) உரிமமும் வேண்டும். கன்றுகளைக் காப்பாற்ற வேண்டுமானால் துப்பாக்கி வைத்திருக்கும் அண்டை நிலத்துக்காரரிடம் பேசுங்கள், அல்லது கன்றுகளைச் சுற்றிக் கம்பிவலை போடுங்கள். என் மாமா அதைத்தான் செய்தார். முதல் வருஷம் பன்றி வலைக்கு அடியில் பள்ளம் பறித்து உள்ளே வந்தது. இரண்டாம் வருஷம் வலையை ஒரு முழம் மண்ணுக்குள் இறக்கினார்.

பாட்டி விஷயத்தைக் கடைசிக்கு வைத்தேன்.

உங்கள் ஊரைச் சொல்லியா தெரிய வேண்டும்? 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டின் எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுதும் அவசரகாலம். அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் தூக்கு என்று விதி வந்தது. லயங்களுக்குள் பட்டாளம் புகுந்து பானை சட்டியைக் கவிழ்த்துத் தேடிய கதைகளைக் கேட்டுத்தான் என் வயதுக்காரர்கள் வளர்ந்தோம். நெல்லுப் பானையில் கையை விட்டுத் துழாவுகிற சிப்பாய்க்கு, ‘இது வெறும் கூடு, உள்ளே ஊசிதான் இருக்கிறது’ என்று எந்த மொழியில் சொல்வது? வேறு யாராக இருந்தாலும் அதைக் கக்கூஸ் குழியில் போட்டிருப்பார்கள். பாட்டி போடவில்லை. அது தாத்தா கொண்டு வந்த பொருள் என்பதாலா, நல்ல ஊசிக்கூடு என்பதாலா? எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று படுகிறது. அந்தக் காலத்தில் ஊசி தொலைந்தால் கடைக்குப் போக ஒரு நாள் கூலி போய்விடும். பயம் மட்டும், அவசரகாலம் 1960-ல் முடிந்த பிறகும் கையை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது.

என் கதையில் .375-ஐ எடுத்துவிட்டு ‘ஜெர்மன் மாசர்’ என்று மாற்றிவிட்டேன். பையன் பட்டையை நகத்தால் வருடும் வரியையும் வெட்ட வேண்டியதாயிற்று. கதையிலேயே எனக்குப் பிடித்த வரி அது. இப்போது அந்த இடத்தில் பையன் கூட்டின் வாயை உதட்டில் வைத்து ஊதிப் பார்க்கிறான். 62 மி.மீ. கூடு ஊதினால் கீச்சென்று ஒரு சத்தம் வரவேண்டும். உங்கள் அம்மா அனுமதித்தால், ஊசிகளை எடுத்து வைத்துவிட்டு, நன்றாகத் துடைத்து ஒரு தடவை ஊதிப் பார்த்துச் சொல்லுங்கள். புளி போட்டுத் துலக்க வேண்டாம், ‘9,3’ தேய்ந்துவிடும். அந்த அடைப்பு என்ன மரம் என்றும் பாருங்கள். படத்தில் கித்தா மாதிரிதான் தெரிகிறது.