வீட்டில் நின்றுகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்கிறார்

கேள்வி: என் கணவருக்கு 74 வயது. ஐந்து வருடங்களாக அல்சைமர். எனக்கு 69. பகலில் உதவிக்கு ஒரு பெண் வருகிறார், ராத்திரியில் நான் மட்டும்தான். நாலைந்து தடவை எழுந்து வாசல் கதவைப் பிடித்து உலுக்குகிறார். போன மாதம் குளிக்க வைக்கும்போது இருவரும் சேர்ந்தே விழுந்தோம். என் கண் ஆபரேஷனை இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டேன். பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறான் மகன். ஆனால் நோய் தெரிந்த புதிதில், "உங்களை எங்கேயும் கொண்டுபோய் விட மாட்டேன்" என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் ஆனால் சொந்த வீட்டில் நின்றுகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்று அழுகிறார். இவரை எப்படி அனுப்புவேன்? அந்த நேரம் வந்துவிட்டதென்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

கண் ஆபரேஷனைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. சரியாகப் பார்வை தெரியாத நீங்கள், ஈரத் தரையில் நின்று, தடுமாறுகிற ஒருவரைத் தாங்கிப் பிடிக்கிறீர்கள்.

இந்தக் கேள்வி வரும்போது பெரும்பாலும் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்றுதான் பார்க்கிறோம். பெயர் மறந்துவிட்டதா, முகம் மறந்துவிட்டதா என்று. மனைவியின் பெயர் தெரியாமலேயே வீட்டில் நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. எல்லார் பெயரும் தெரிந்தும் நடுராத்திரியில் அடுப்பைத் திறந்துவிடுகிறவர்களும் உண்டு. அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள எத்தனை கைகள் வேண்டியிருக்கிறது, வீட்டில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முக்கியமாக ராத்திரியில். நல்ல இல்லத்தில் ராத்திரி விழித்திருந்த ஊழியர் காலையில் போய்த் தூங்குவார். உங்களை மாற்றிவிட ஆளில்லை.

ஒரு வாரத்துக்கு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை முறை எழுந்தார், நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எங்கே தடுமாறினார், உங்கள் மாத்திரையை என்றைக்கு விட்டீர்கள். மகனிடமும் டாக்டரிடமும் பேசும்போது "ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது" என்பதைவிட அந்த நோட்டு தெளிவாகப் பேசும். முடிவைச் சொல்வதற்கு முன்னால் மகனும் நாலு ராத்திரி வந்து தங்கிப் பார்க்கட்டும். அது நியாயம்தான்.

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். இந்த ராத்திரித் தொல்லை சில நாட்களுக்குள் திடீரென்று கூடியதா? அப்படியானால் உடனே டாக்டரிடம் போங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், எங்கோ ஒரு வலி, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் அவர்கள் கத்துவார்கள், நடந்துகொண்டே இருப்பார்கள். அதைச் சரிசெய்தால் பல பேர் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். அது தெரியாமல் பெரிய முடிவு எதையும் எடுக்க வேண்டாம்.

மாதக்கணக்காக மெல்ல மெல்லக் கூடியதென்றால், சகோதரி, நேரம் வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். ராத்திரிக்கு ஒரு ஆள் போட முடிந்தால் அதை முயன்று பாருங்கள். முடியாவிட்டால் அடுத்த முறை விழும்வரை காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அவசர அவசரமாக இடம் தேடினால், கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்ள வேண்டியதாகிவிடும்.

அந்த வாக்கு. அது மீறப்படவில்லை என்று உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் சொன்ன சொல் மாறத்தான் போகிறது. வலிக்கும். ஆனால் அன்றைக்குச் சொன்னபோது இந்த ராத்திரிகள் எப்படி இருக்கும் என்று உங்கள் இருவருக்குமே தெரியாது. வலிக்கிறது என்பதாலேயே முடிவு தவறாகிவிடாது.

சாயங்காலத்தில் குழப்பமும் பதற்றமும் கூடுவது இந்த நோயில் அடிக்கடி நடப்பது. அவர் கேட்கிற வீடு சின்ன வயதில் இருந்த வீடாக இருக்கலாம், பயமில்லாத ஏதோ ஓர் இடமாகவும் இருக்கலாம். என் அம்மாவும் தன் கட்டிலில் உட்கார்ந்தபடி இதையே கேட்பார். "இதுதானம்மா நம்ம வீடு" என்று நான் வாதாடி வாதாடி அவரை மேலும் அழ வைத்தேன். அப்புறம்தான் "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்" என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். பேசப் பேச அடங்கிவிடுவார். இல்லத்துக்குப் போனாலும் உங்கள் கணவர் "வீட்டுக்குப் போகணும்" என்பார். அன்றைக்கு அதை உங்கள் மேல் வைக்கும் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போது உங்கள் பக்கத்தில் இருந்துகொண்டே கேட்கிறாரே.

இடம் பார்க்க இரண்டு தடவை போங்கள், ஒரு தடவை சொல்லாமல், சாயங்காலத்தில். ராத்திரியில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்கள், குளிக்க மாட்டேன் என்று ஒருவர் அடம்பிடித்தால் என்ன செய்வார்கள், படுத்த படுக்கையானாலும் வைத்துப் பார்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். கட்டிப்போடுவோம் என்றோ, எடுத்ததுமே மருந்து கொடுத்து அடக்கிவிடுவோம் என்றோ பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மறதிநோய் உள்ள முதியவர்களுக்குச் சில மனநோய் மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்திருக்கிறது. டாக்டர் பார்த்து, வேறு வழியில்லாதபோது, கொஞ்ச நாளைக்குத் தர வேண்டியவை அவை. பணத்தை வருடக்கணக்கில் கணக்குப் போடுங்கள். முடிந்தால் முதலில் இரண்டு வாரம் மட்டும் தங்கவைத்துப் பாருங்கள். அந்த இரண்டு வாரத்தில் உங்கள் கண் ஆபரேஷனை முடித்துக்கொள்ளலாம்.

அவருடன் கொடுத்தனுப்ப, பழைய தலையணையும் இளவயதுப் படமும் தவிர, ஒரு தாள் எழுதுங்கள். எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார், எந்தப் பக்கம் படுப்பார், சட்டைக்கு எந்தக் கையை முதலில் நுழைக்க வேண்டும். தலையில் முதலில் தண்ணீர் ஊற்றினால் பயப்படுவாரா, காலிலிருந்து மெதுவாக நனைத்துக்கொண்டு வர வேண்டுமா? இதெல்லாம் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். இன்றைக்கே உட்கார்ந்து எழுதுங்கள். இல்லத்துக்கு அனுப்பாவிட்டாலும், நீங்கள் ஆபரேஷனுக்குப் போகிற நாளில் பகலில் வருகிற பெண்ணுக்கு அந்தத் தாள் வேண்டும்.