பருத்தி இலைக்கு அடியில் தேன் துளி: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரிப் பருத்தி போட்டிருக்கிறேன், 60 நாள் பயிர். இலையைத் திருப்பினால் நடு நரம்பில் சின்னக் குழி, அதில் பிசுபிசுப்பாக ஒரு சொட்டு. எறும்பு மொய்க்கிறது. மருந்துக் கடையில் நோய் என்று சொல்லி ஒரு பாட்டில் கொடுத்துவிட்டார்கள். அடிக்கலாமா ஐயா?

பதில்: அந்த பாட்டிலைத் திறக்க வேண்டாம். நீங்கள் பார்த்தது நோயே இல்லை. பருத்திக்குப் பிறவியிலேயே உள்ள தேன் சுரப்பி. இலையின் அடிப்பக்கம், காம்புக்குச் சற்று மேலே, நடு நரம்பில்தான் இருக்கும். சில இலைகளில் பக்கத்து நரம்புகளிலும் ஒவ்வொன்று காணலாம். சப்பையை, அதாவது பூ மொட்டை, கையில் எடுத்துப் பாருங்கள்: அதை மூடியிருக்கும் மூன்று பச்சைச் செதில்களின் அடியில், வெளிப்புறத்திலும் இதே போன்ற குழிகள் உண்டு. பூவுக்குள் புல்லிவட்டத்தின் உள் அடியில் இருப்பது தேனீக்கானது. வெளியே இருப்பதெல்லாம் எறும்பு, பொறிவண்டு, குளவி இவற்றுக்குப் பருத்தி வைக்கும் விருந்து. விருந்துக்கு வருகிற எறும்பு, இலையில் திரியும் சின்னப் புழுக்களையும் முட்டைகளையும் தூக்கிக்கொண்டு போகும். காய்ப்புழு முட்டைக்குள் முட்டையிடும் டிரைக்கோகிரம்மா குளவிக்கும் இந்தத் தேன் தெம்பு தரும். இப்போது மருந்து அடித்தால் முதலில் சாவது இவைதான்.

காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சியும் இதைக் குடிக்கும், அதை மறைக்க முடியாது. அதனால்தான் ஹவாய்த் தீவுகளின் காட்டுப் பருத்தி ஒன்றிலிருந்து சுரப்பி இல்லாத குணத்தை எடுத்து ரகங்கள் உருவாக்கினார்கள். ஆனால் தேன் போனால் நன்மை செய்யும் பூச்சிகளும் குறையும். நம் மானாவாரிக் காட்டுக்குச் சுரப்பி இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

சரி, ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். எறும்பு எங்கே போகிறது? குழிக்கு மட்டும் வந்து போனால் கவலை இல்லை. நுனிக் குருத்திலோ தண்டிலோ கூட்டமாக நின்றால் அங்கே மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கும். எறும்பு அவற்றுக்குக் காவல் நிற்கிறது. அந்தப் பூச்சிகளின் கழிவு கீழே உள்ள இலைகளின் மேல்பக்கத்தில் பளபளவென்று படியும், அப்புறம் அதில் கரும்பூசணம் வரும். சுரப்பித் தேன் அப்படிப் பரவாது, குழியிலேயே முத்துப்போல நிற்கும். நாலைந்து செடியில் மட்டும் மாவுப்பூச்சி இருந்தால் அந்த நுனிகளைக் கிள்ளி, பைக்குள் போட்டுக் கொண்டுபோய் எரித்துவிடுங்கள். வயலுக்குள் உதறிவிடாதீர்கள்.

வரப்பில் ஆமணக்கு இருந்தால் இலைக்காம்பைத் தடவிப் பாருங்கள், அங்கேயும் இதே வேலை செய்யும் குமிழ்கள் தட்டுப்படும்.